‘ஏழ்மையிலும் நேர்மை’: ஓர் உம்மையின் வசை

“ஆட்டோவில் பயணி தவறவிட்ட நகைப்பையை உரியவரிடம் ஒப்படைத்த ஓட்டுநர்: ஏழ்மையிலும் நேர்மை.” இந்தத் தலைப்பைப் படிக்காத தமிழர் இருக்க முடியாது. ஊர்ப்பெயர் மட்டுமே மாறும். இன்று திருப்பூர், நாளை டோம்பிவிலி. உடன் வரும் படமும் மாறுவதில்லை. நடுவே காக்கிச் சட்டையில் ஓட்டுநர், ஒருபுறம் காவல் ஆய்வாளர், மறுபுறம் பொருளைத் திரும்பப் பெற்ற குடும்பம், ஓட்டுநரின் தோளில் அவருக்கே பழக்கமில்லாத ஒரு சால்வை. டோம்பிவிலியின் அடுக்ககங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுக்களில் காலை வணக்கப் படங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் பகிரப்படுவது இத்தகைய செய்தியாகத்தான் இருக்கும். கீழே கைகூப்பும் சின்னங்கள் வரிசையாக வந்து விழும். அதோடு அன்றைய அறக்கடமை முடிந்துவிடும்.

அந்தத் தலைப்பில் வசை இருக்கிறது. அது ‘ஏழ்மை’ என்ற சொல்லிலும் இல்லை, ‘நேர்மை’ என்ற சொல்லிலும் இல்லை. இரண்டுக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் ‘உம்’ என்ற இடைச்சொல்லில் இருக்கிறது.

நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறும். எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். ‘ஏழ்மையிலும்’ என்பதில் நிற்பது சிறப்பும்மை. அதனுள்ளும் இழிவு சிறப்பும்மை. எங்கே எதிர்பார்க்கவே இயலாதோ அங்கேகூட இது நிகழ்ந்துவிட்டது என்னும் வியப்பே அதன் பொருள். வியப்பு எழவேண்டுமானால் அதற்கு மாறான எதிர்பார்ப்பு ஒன்று முன்னரே மனத்தில் இருந்தாக வேண்டும். ஏழை என்றால் எடுத்துக்கொள்வான் என்பதே அந்த எதிர்பார்ப்பு. வாக்கியம் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லாமலே உண்மையெனக் கொண்டு தொடங்குகிறது. ஒரு வாக்கியம் இவ்வாறு தனக்கடியில் மறைத்து வைத்திருக்கும் கருத்தைக் கண்டறிய மொழியியலில் எளிய சோதனை ஒன்று உண்டு: வாக்கியத்தை மறுத்துப் பார்ப்பது. ‘ஏழ்மையிலும் அவர் நேர்மையாக இருந்தார் என்பது பொய்’ என்று சொல்லிப் பாருங்கள். ஓட்டுநரின் நேர்மை போய்விடுகிறது. ஏழ்மை நேர்மைக்குப் பகை என்ற கருத்து மட்டும் அசையாமல் நிற்கிறது.

‘செல்வத்திலும் நேர்மை’ என்று எந்த நாளிதழும் தலைப்பிட்டதில்லை. அடுக்கக உரிமையாளர் ஒருவர் மின்தூக்கியில் கிடந்த பணப்பையை எடுத்துக் காவலாளியிடம் கொடுத்தால் அது செய்தியே ஆவதில்லை. அவரிடம் அதுதான் எதிர்பார்க்கப்படுகிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இழிவு சிறப்பும்மைக்கு இலக்கண நூல்களில் வழிவழியாகக் காட்டப்பட்டுவரும் எடுத்துக்காட்டிலேயே ஒடுக்கப்பட்ட சாதி ஒன்றின் பெயர்தான் ‘உம்’ ஏற்று நிற்கிறது. இன்றைய செய்தியாசிரியர் அந்தச் சாதிப் பெயரை எழுத மாட்டார், எழுதவும் கூடாது. அந்த இடத்தில் தொழிலின் பெயரை வைக்கிறார்: ஆட்டோ ஓட்டுநர், தூய்மைப் பணியாளர், பூ விற்கும் பெண், குப்பை பொறுக்குபவர். இடம் அதே இடம்தான்.

இது சொல்லாராய்ச்சி மிகையென்று தோன்றினால் சென்னையைப் பார்க்கலாம். 2024 சூலையில் விருகம்பாக்கத்தில் ஒரு வீட்டுக் குப்பையோடு சேர்ந்து வெளியே போய்விட்ட வைர நெக்லஸைத் தூய்மைப் பணியாளர் ஒருவர் குப்பைத்தொட்டியைக் கிளறித் தேடி எடுத்துக் கொடுத்தார். மதிப்பு 5 லட்சம் ரூபாய். நாடெங்கும் செய்தியானது, பாராட்டு குவிந்தது. மறு ஆண்டு, 2025 ஆகஸ்ட் 1 முதல், அதே சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைச் சேர்ந்த தூய்மைப் பணியாளர்கள், தங்கள் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், பெண்கள். வாங்கும் ஊதியம் குறைந்துவிடும் என்பது அவர்களின் அச்சம். 13 நாள் அமர்ந்திருந்தவர்களை, நடைபாதையை விட்டு அகற்ற உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும், ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனது. பிறர் தொலைத்ததைத் தேடித் தரும்போது கைகூப்பிய நடுத்தர வர்க்கம், தாம் இழக்கவிருப்பதைத் தரும்படி அவர்கள் கேட்டபோது போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசியது.

டோம்பிவிலிக்கு வருவோம். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் இடம் போதாமலோ விலை கட்டாமலோ பல தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறிய ஊர் இது. தானேக்கும் கல்யாணுக்கும் நடுவே உள்ள இந்த நிலையத்தில் காலை நேர லோக்கல் ரயிலில் ஏறுவது ஒரு மற்போர். அப்படி ஏறி இறங்கும் கூட்டத்தில் பை தவறுவதும், தலைக்கு மேலுள்ள தட்டில் மதிய உணவுப் பை தங்கிவிடுவதும், ஆட்டோவின் பின்னிருக்கையில் கைப்பேசி கிடப்பதும் அன்றாடம். எடுத்தவர் திருப்பிக் கொடுக்க நினைக்கிறார் என்று கொள்வோம். அவர் எங்கே போக வேண்டும்?

பை ரயில் பெட்டியில் கிடந்தால் இரண்டு கதவுகள். ஒன்று நடுவண் அரசின் ரயில்வே பாதுகாப்புப் படை. மற்றொன்று மாநில அரசின் ரயில்வே காவல்துறை. இரண்டும் வேறு வேறு என்பதே பயணிகளில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆட்டோவில் கிடந்தால் நகரக் காவல்துறை: கிழக்கே ராம்நகர், மேற்கே விஷ்ணுநகர் என்று காவல் நிலையங்கள் எல்லை பிரித்து நிற்கின்றன. பயணி கிழக்கில் ஏறி மேற்கில் இறங்கியிருந்தால், எந்த நிலையம் என்பதை ஓட்டுநரே முடிவு செய்துகொள்ள வேண்டும். அங்கே போனால் காத்திருப்பு. பெயர், முகவரி, உரிம எண், மராத்தியில் எழுதப்பட்ட ஒரு தாளில் கையெழுத்து. உள்ளே வேறு என்ன இருந்தது, முதலில் பார்த்தது யார், ஏன் உடனே வரவில்லை என்ற கேள்விகள். நகரத்தின் மறுமுனையிலிருந்து பிழைக்க வந்தவனை ஐயத்தோடு பார்க்கும் கண்ணுக்கு, நகைப்பையோடு வந்து நிற்பவன் பாதிக் கள்வன்தான். இதற்குள் அரை நாள் சவாரி போயிருக்கும். வண்டி சொந்தமில்லை என்றால் அன்றைய வாடகையை உரிமையாளருக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த வாடகைக்குச் சால்வை கணக்கில் சேராது.

சட்டம் அவருக்கு என்ன தருகிறது? 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் காவலில் கொண்டவரை, அப்பொருளைக் காக்க ஒப்புக்கொண்டவருக்கு நிகரான பொறுப்பில் வைக்கிறது (71 ஆம் பிரிவு). பொறுப்பு முழுதாக உண்டு. ஆனால் பொருளைக் காக்கவும் உரியவரைத் தேடவும் அவர் தாமாக ஏற்ற அலைச்சலுக்கும் செலவுக்கும் ஈடு கேட்டு வழக்குத் தொடர 168 ஆம் பிரிவு இடம் தரவில்லை. ஈடு கிடைக்கும் வரை பொருளைக் கொடுக்காமல் வைத்திருக்கலாம். பொருளுக்குரியவர் முன்பே பரிசு அறிவித்திருந்தால் அதற்காக வழக்காடலாம். ஓர் ஆட்டோ ஓட்டுநர், ‘என் அரை நாள் கூலியைத் தந்தால்தான் நகைப்பையைத் தருவேன்’ என்று 168 ஆம் பிரிவைக் காட்டி ராம்நகர்க் காவல் நிலையத்தில் நின்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மறுபக்கம், எடுத்ததைத் தனதாக்கிக்கொண்டால், முந்தைய தண்டனைச் சட்டத்தின் 403 ஆம் பிரிவு ஈராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்றது. 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314 ஆம் பிரிவு இன்னும் கடுமை: ஆறு மாதத்திற்குக் குறையாத சிறையும் அபராதமும். தண்டனை மட்டும் காலத்தோடு வளர்ந்திருக்கிறது. ஈடு 1872 இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நிறுவனங்கள் தாமே திருப்பித் தரும்போது எப்படித் தருகின்றன என்பதற்கு மும்பையிலேயே சான்று உண்டு. 2006 இல் சத்ரபதி சிவாஜி நிலையத்திலிருந்து பன்வேல் செல்லும் லோக்கல் ரயிலில் ஒருவர் 900 ரூபாயுடன் பணப்பையை இழந்தார். 2020 இல், பதினான்கு ஆண்டு கழித்து, ரயில்வே காவல்துறையிடமிருந்து அவருக்கு அழைப்பு வந்தது: திருடியவன் பிடிபட்டான், பை கிடைத்துவிட்டது. பொதுமுடக்கம் தளர்ந்த பின் வாசி அலுவலகத்திற்குப் போனார். உள்ளே இருந்த 500 ரூபாய்த் தாள் 2016 நவம்பரில் செல்லாததாக்கப்பட்ட தாள். அதை மாற்றிய பிறகு தருவதாகச் சொன்னார்கள். முத்திரைத்தாள் செலவுக்கென 100 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் 300 ரூபாய் கையில் கிடைத்தது. நாளிதழ்கள் இதை வியப்புச் செய்தியாக, ஏறத்தாழ மகிழ்ச்சிச் செய்தியாகவே எழுதின. ஓர் ஆட்டோ ஓட்டுநர் 900 ரூபாய்ப் பையைத் திருப்பித் தரும்போது 100 ரூபாயைத் தன் செலவுக்கென எடுத்துக்கொண்டிருந்தால் அதற்கு என்ன பெயர் சூட்டியிருப்பார்கள்?

அந்த 2006 ஆம் ஆண்டிற்கு மும்பையின் நினைவில் வேறொரு பொருளும் உண்டு. சூலை 11 மாலையில் மேற்குத் தடத்து ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்தன. கேட்பாரற்ற பையைத் தொடாதீர், உடனே தெரிவியுங்கள் என்ற அறிவிப்பு இந்நகரவாசியின் காதில் அதன்பின் நிலைத்துவிட்டது. அச்சம் நியாயமானது. ஆனால் அதன் விளைவையும் கணக்கில் கொள்ள வேண்டும்: தவறவிட்ட பை இங்கே முதலில் ஐயப்பொருள், பிறகுதான் ஒருவரின் உடைமை. அதை எடுத்துச் செல்பவரும் அப்படியே.

ஏழையல்லாதோரின் நேர்மையை யாரேனும் அளந்ததுண்டா? உண்டு. சுவிட்சர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 40 நாடுகளின் 355 நகரங்களில் 17,000 க்கும் மேற்பட்ட பணப்பைகளைக் கொண்டு நடத்திய சோதனையை ‘சயின்ஸ்’ இதழ் 2019 இல் வெளியிட்டது. இந்தியாவும் அதில் இடம்பெற்றது. பணம் இல்லாத பைகளுக்கு உரியவரைத் தொடர்புகொண்டவர்கள் 40 விழுக்காடு. பணம் இருந்த பைகளுக்கு 51 விழுக்காடு. பணம் கூடக்கூட நேர்மை குறையும் என்று பொருளியலாளர்கள் உட்படப் பலரும் கணித்தது பொய்த்தது. எல்லோரும் மகிழ்ந்து பகிர்ந்த முடிவு இதுதான். பகிராத செய்தி ஒன்று அதே ஆய்வில் உண்டு. பைகள் கொடுக்கப்பட்ட இடங்கள் வங்கிகள், தங்கும் விடுதிகள், அரங்குகள், அஞ்சலகங்கள், காவல் நிலையங்கள் போன்ற அலுவலகங்கள். சோதிக்கப்பட்டவர்கள் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்கள். மாதச் சம்பளம் வாங்குவோர். பணமிருந்த பைகளிலும் ஏறத்தாழப் பாதிக்கு அவர்களிடமிருந்து பதிலே இல்லை. ‘சம்பளத்திலும் நேர்மையில்லை’ என்று எவரும் எழுதவில்லை.

இந்தச் சோதனைக்குச் சீன ஆய்வாளர்கள் 2023 இல் தந்த மறுப்பும் பொருட்படுத்தத் தக்கது. சீனாவின் பத்து நகரங்களில் அதே சோதனையைச் செய்தபோது, மின்னஞ்சல் அனுப்பி உரியவரைத் தொடர்புகொண்டவர்கள் சிறுபான்மையினரே. ஆனால் நேரில் போய்க் கேட்டபோது, பைகளில் முக்கால் பங்குக்கு மேல் பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. தேடிப் போய்த் தருவதைத்தான் நேர்மை என்று கொண்டால் சீனர்கள் தோற்றார்கள். தேடி வரும் வரை காப்பதைக் கொண்டால் வென்றார்கள். தமிழுக்கு இந்த இரண்டாவது நேர்மை நன்கு தெரியும். ‘அடைக்கலப் பொருள்’ என்றும் ‘கையடை’ என்றும் பெயரிட்டுக் காத்த மொழி இது. தமிழ் முஸ்லிம்களின் நாவில் அது ‘அமானிதம்’. மேற்கு ரயில்வேயில் பாதுகாப்புப் படையினர் 2022 இல் ‘மிஷன் அமானத்’ என்ற பெயரில், கிடைத்த உடைமைகளின் படங்களையும் விவரங்களையும் இணையத்தில் இடத் தொடங்கினர். அமானிதத்தின் உடன்பிறந்த சொல்தான் அது. நல்ல முயற்சி, பெயர் அதைவிட நன்று. பூக்கடையிலோ தேநீர்க் கடையிலோ மறந்து வைத்த குடையை ‘யாராவது கேட்டு வருவாங்க’ என்று ஆணியில் மாட்டி வைக்கும் கடைக்காரர் காவல் நிலையத்திற்குப் போகாதவர், படத்திலும் வராதவர். அமானிதம் காப்பவர் அவர்.

இனி, மேசைக்குப் பின்னால் இருப்பவர்களின் மிகப் பெரிய கண்டெடுப்பைப் பார்க்கலாம். இந்திய வங்கிகளில் பத்தாண்டு எவரும் தொடாத வைப்புகள், வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதி என்ற பெயரில் ரிசர்வ் வங்கி 2014 இல் அமைத்த நிதிக்கு மாற்றப்படுகின்றன. 2024 மார்ச் இறுதியில் அதில் இருந்த தொகை 78,213 கோடி ரூபாய். இதற்கு இடப்பட்ட பெயர் ‘உரிமை கோரப்படாத வைப்பு’. பெயரின் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் கையிலிருக்கும்போது பொருள் ‘திருப்பித் தரப்படாத’ பொருள். குற்றம் வைத்திருப்பவர் மேல். வங்கியின் கையிலிருக்கும்போது அது ‘உரிமை கோரப்படாத’ பொருள். குற்றம் இழந்தவர் மேல். செயப்பாட்டு வினையில் மறைந்து நிற்கும் எழுவாய் இடம் மாறிவிட்டது.

தண்டனைச் சட்டத்தின் 403 ஆம் பிரிவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒருவன் வழியில் ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறான். உள்ளே வங்கித்தாள் இருக்கிறது. கடிதத்தின் முகவரியிலிருந்தும் வாசகத்திலிருந்தும் அது யாருடையது என்று தெரிகிறது. ஆயினும் தாளைத் தனதாக்கிக்கொண்டால் அவன் குற்றவாளி. வங்கியிடம் முகவரி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, பல கணக்குகளில் வாரிசின் பெயரும் இருக்கிறது. வங்கி செய்வது சட்டப்படி குற்றமன்று. உரியவரோ வாரிசோ வந்து கேட்டால் பணத்தைத் தர அது கடமைப்பட்டது. வினா அதுவன்று. ஆட்டோ ஓட்டுநரிடம் ‘தேடிப்போய்க் கொடு’ என்று சொல்லும் சமூகம், வங்கியிடம் ‘தேடி வந்தால் கொடு’ என்று சொல்வதோடு ஏன் நிறைவடைகிறது?

தேடுவதற்கென்று ‘உத்கம்’ என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் திறந்தது. கணக்கு வைத்திருந்தவரின் பெயரோடு நிரந்தரக் கணக்கு எண்ணோ வாக்காளர் அட்டை எண்ணோ பிறந்த நாளோ தந்து தேடலாம். மும்பைத் தமிழருக்கு இதில் பெயரே முதல் தடை. திருநெல்வேலியிலிருந்து வந்தவரின் தலையெழுத்தை மராட்டிய மண்ணின் படிவம் ஏற்காது. பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் கேட்கும். ஒரு படிவத்தில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராயிற்று, இன்னொன்றில் ஊர்ப்பெயர், மற்றொன்றில் சாதிப்பெயர். தாராவியின் தோல் பதனிடும் கொட்டடிகளிலும் நூற்பாலைகளிலும் உழைத்து, மாதுங்காவில் ஏதோ ஒரு கிளையில் சேமித்துவிட்டு இறந்தவரின் பெயர் ஆங்கில எழுத்துக்கூட்டலில் எப்படி இருந்தது என்பதை டோம்பிவிலியில் வாழும் பேத்தி ஊகிக்க வேண்டும். அவள் ஊகித்துக் கண்டுபிடித்துவிட்டால் ‘பாட்டனின் பணம் கிடைத்த நற்பேறு’ என்று செய்தி வரும். அந்தச் செய்தியிலும் வங்கியின் தோளில் சால்வை கிடக்கும்.

ஓர் எதிர்வாதம் வரும்: பாராட்டினால்தானே அடுத்தவரும் செய்வார், குழந்தைகள் கற்பார்கள். ஈரோட்டில் 2018 இல் சாலையில் கிடந்த 50,000 ரூபாயைப் பள்ளியில் ஒப்படைத்த இரண்டாம் வகுப்பு மாணவனைக் காட்டுவார்கள். அவன் கதை தமிழ்நாட்டுப் பாடநூலிலும் ஏறியது. அந்தச் சிறுவன் செய்தது அருமை, அதில் ஐயமில்லை. அவன் கையிலிருந்து ஆசிரியருக்கும், ஆசிரியரிடமிருந்து காவல் கண்காணிப்பாளருக்கும் பணம் போன பாதை திறந்திருந்தது என்பதும், இடையில் எவரும் அவனை ஐயத்தோடு கேள்வி கேட்கவில்லை என்பதும் பாடத்தில் அடிக்கோடிட வேண்டியவை. அடுத்து நடந்ததைப் பாருங்கள். நடிகர் ரசினிகாந்த் அவனை அழைத்து, படிப்புச் செலவை ஏற்பதாகச் சொன்னார். அவருடைய அன்பைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஏழு வயதுச் சிறுவன் மேலே படிப்பதற்குச் சாலையில் 50,000 ரூபாய் கிடக்க வேண்டியிருந்தது. அதே வகுப்பில், வழியில் எதையும் கண்டெடுக்காத பிள்ளைகள் எத்தனை பேர்?

ஓட்டுநர்கள் எல்லோரும் தூயவர்கள் என்று வாதிடவும் தேவையில்லை. மழை நாளில் டோம்பிவிலி நிலையத்தின் வெளியே நின்றவர்களுக்கு அவர்களின் பேரம் தெரியும். எடுத்ததை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு, எல்லா வர்க்கத்திலும் உள்ளதைப் போலவே. அந்த ‘உம்’ இந்த எளிய சமத்துவத்தைத்தான் மறுக்கிறது. ஏழைக்கு இரண்டே வேடம் தருகிறது: கள்வன் அல்லது தெய்வம். மனிதனாக இருக்க அவனுக்கு இடமில்லை.

சப்பானில் கண்டெடுத்தவருக்கு உரியவர் 5 முதல் 20 விழுக்காடு வரை தரவேண்டும் என்பது சட்டம். மூன்று மாதம் வரை எவரும் வராவிட்டால் பொருள் எடுத்தவருக்கே சேரும். தெருமுனைக் காவற்கூடத்தில் கொடுத்து ஒப்புகை பெறலாம். அந்நாட்டாரின் நேர்மை இரத்தத்தில் ஊறியது என்று இங்கே வியந்து பேசுவோர், சால்வையைப் போல அதுவும் ஒரு கதை என்பதை மறக்கிறார்கள். அங்கே நேர்மைக்கு ஒரு சாளரம் திறந்து வைத்து, அதற்கு ஒரு விலையையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

டோம்பிவிலியில் ஆண்டுவிழா நடத்தி ‘நேர்மைச் செம்மல்’ விருது வழங்கும் தமிழ் அமைப்புகள் செய்யத்தக்கவை சில உள. நிலையத்தின் இருபுறமும் ஒரே சாளரம் கேட்டு ரயில்வேக்கும் தானே காவல் ஆணையரகத்திற்கும் மனு எழுதலாம். கொடுத்தவரின் பொருள், நேரம் இரண்டையும் குறித்து, மராத்தியோடு அவர் மொழியிலும் ஒப்புகை தரும் சாளரமாக அது இருக்கட்டும். பொருளைத் திரும்பப் பெறுபவர், எடுத்துத் தந்தவரின் இழந்த சவாரிக் கூலியை அங்கேயே செலுத்தட்டும். பரிசாக அன்று, ஈடாக. ஞாயிறுதோறும் மன்றத்தில் ஒரு மேசை போட்டு, பழைய கணக்குப் புத்தகங்களோடு வரும் குடும்பங்களுக்கு உத்கம் தளத்தில் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் இட்டுத் தேடிக் கொடுக்கலாம். அடுத்த விழா அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்குமுன், ‘ஏழ்மையிலும் நேர்மை காத்த’ என்ற வரியை யாராவது ஒருவர் அடித்துவிட்டு ஓட்டுநரின் பெயரை மட்டும் விட்டு வைக்கலாம்.